அஞ்சு நிமிஷம் உக்காருங்க

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தூக்கம் கெட்ட ஒரு பெண்ணுக்கு வந்த கெட்ட கனவு என்று உதறிவிட்டுப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். அப்படி உதறிவிட அவளுக்கே ஆசைதான். முடியவில்லை. ஏனென்றால் அன்று நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்திக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளை பொய் சொல்லும்தான். ஆனால் இப்படி ஒரு பொய்யைச் சொல்லாது.

நள்ளிரவு, இருட்டு, பாழடைந்த வீடு எதுவும் இதில் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. காலை 9.10-க்குத் தொடங்கியது. மதியம் 1.04-க்கு முடிந்தது.

முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள்.

அவளுக்கு வேலை ஒரு நாளிதழில். பிழை திருத்துவது. இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தால் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை எழுந்திருக்க முடியாது. க் வருமா வராதா, ச் மிகுமா மிகாதா என்று ஆசிரியர் குழுவோடு மல்லுக்கு நிற்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'ஒற்றக்கா' என்று பெயர். கூப்பிட்டால் முறைப்பாள். ஆனால் திரும்பிப் பார்ப்பாள்.

விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வருவாள். ஆறரைக்கு மகள் எழுந்துவிடுவாள். கணவருக்குக் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை. எட்டு மணிக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலுக்குக் கெட்டித் துணியைத் தொங்கவிட்டு, ஒன்பது மணி வாக்கில் அவள் படுப்பாள். ஊரெல்லாம் விழித்திருக்கும்போது தூங்குவது தூக்கமே இல்லை. மேலே மேலே மிதக்கும். அடியில் போகாது.

அந்த மிதப்பில்தான் அமுக்குவான் வர ஆரம்பித்தது. கண் விழிக்கும். கை கால் அசையாது. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். கத்தினால் குரல் வராது. வாரத்துக்கு மூன்று நாள் இப்படி. பயந்துபோய், அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பியிடம் சொன்னாள். அவன் இந்த மாதிரி விஷயங்களை எல்லாம் தோண்டித் துருவிப் படிக்கிறவன்.

"அக்கா, அது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மூளை முழிச்சிக்குது, உடம்பு முழிக்கல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? உயிர் போயிட்டு வருதுடா."

"பயப்படாம அப்படியே கனவுக்குள்ள போயிடுங்க. இது கனவுன்னு தெரிஞ்சுக்கிட்டே கனவு காணலாம்க்கா. அப்புறம் உள்ள நீங்க வெச்சதுதான் சட்டம்."

"கனவுன்னு எப்படித் தெரியும்?"

"எதையாவது படிங்க. தலையைத் திருப்பிட்டு மறுபடியும் படிங்க. எழுத்து மாறியிருந்தா கனவு."

அவள் சிரித்துவிட்டாள். "அப்போ நம்ம பேப்பரே கனவுதான். நான் திருத்தின பிறகும் மாறுது."

சிரித்தாளே தவிர, செய்து பார்த்தாள். ராத்திரி முழுக்க எழுத்தைத் துரத்துகிறவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நான்காவது நாளே பலித்தது. எங்கோ ஒரு தெருவில் நடந்துகொண்டிருந்தாள். எதிரே ஒரு பலகை. துணிக்கடை. தலையைத் திருப்பினாள். தூணிக்கடை. மறுபடி திருப்பினாள். தனிக்கடை.

ஆஹா என்று இருந்தது அவளுக்கு. இது கனவு. நான் கனவுக்குள் நிற்கிறேன். எனக்கே தெரிகிறது!

காலை ஊன்றி எம்பினாள். மிதந்தாள். மாடிகளுக்கு மேலே, கொடியில் காயும் துணிகளுக்கு மேலே மெதுவாகப் போனாள். முதுகு வலி இல்லை. கண் எரிச்சல் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. எழுந்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் தனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தது அன்றுதான்.

அதன்பிறகு தூங்கப்போவதற்கே ஆசை வந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்தும்போது திருவிழாவுக்குக் கிளம்பும் குழந்தை மாதிரி மனம் துள்ளும். மகள் சாயங்காலம் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் பாதிதான் காதில் விழும். "அம்மா, நீ கேக்கவே மாட்டேங்கறே" என்று சிணுங்குவாள். "கேக்கறேன் குட்டி" என்பாள். கேட்டிருக்க மாட்டாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனது.

பிறகு ஒரு நாள், கனவில், தன் படுக்கையறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வழக்கமான தெரு இல்லை. நீளமான ஒரு கூடம். வெள்ளைச் சுவர். சுவரோரமாக இரும்பு நாற்காலிகள், வரிசையாக. எல்லாம் காலி. முதல் நாற்காலியில் மட்டும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தொளதொளவென்று பச்சைச் சட்டை. முதுகுப்பக்கம் நாடா வைத்துக் கட்டியது. காலில் செருப்பு இல்லை.

"மணி என்ன ஆச்சுங்க?" என்றார்.

"கனவுல மணி கிடையாதுங்க" என்றாள் அவள், குறும்பாக.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நானும் முதல்ல கனவுன்னுதான் நினைச்சேன்."

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பலகை இருந்தது. அமைதி காக்கவும். பழக்கதோஷத்தில் தலையைத் திருப்பிவிட்டு மறுபடி படித்தாள்.

அமைதி காக்கவும்.

இன்னொரு முறை.

அமைதி காக்கவும்.

ஒரு கால் மாறவில்லை. ஒரு கொம்பு மாறவில்லை. பிழையே இல்லாத ஒரு பலகையைப் பார்த்து அவள் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வியர்த்து விறுவிறுத்து எழுந்தாள். மணி 11.20.

வடிவமைப்புத் தம்பி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கனவுல வர்ற ஆளுங்க எல்லாரும் நீங்களேதான்க்கா. உங்க மூளை போடற வேஷம்" என்றான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் சோதனையை நிறுத்தினாள். பன்னிரண்டு நாள் எதையும் படிக்காமல், மிதக்காமல், சும்மா படுத்துத் தூங்கினாள்.

பதின்மூன்றாவது நாள். மகளுக்குப் பள்ளி விடுமுறை. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். "சத்தம் போடாம இரு குட்டி, பசிச்சா மேசைமேல இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் படுத்தாள். கடைசியாகக் கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 9.10.

கண்ணை மூடியதும், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தாள்.

அதே கூடம். அதே நாற்காலிகள். அவர் அங்கேயே இருந்தார்.

"பன்னெண்டு நாளா வரலியே" என்றார்.

அவர் கண்கள் சிவந்திருந்தன. அழுதிருந்தார்.

"ஒரு உதவி பண்ணுவீங்களா? என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். இங்கேருந்து எழுந்தா இடம் போயிடும். இடத்துல ஒருத்தர் இருக்கணும். அஞ்சு நிமிஷம் உக்காருங்க. சொல்லிட்டு ஓடி வந்துடறேன்."

மருந்துக்கடை வரிசையில், பேருந்து நிலையத்தில் எத்தனையோ பேர் அவளிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பார்த்துக்கங்க, இதோ வந்துடறேன் என்று. அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அதுவும் இது கனவு. கனவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

"சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

அவர் எழுந்தார். முழங்கால் இரண்டும் 'மளுக்… மளுக்' என்றன. அவள் உட்கார்ந்தாள். இரும்பு ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

அவர் நேரே போனார். அவள் வந்த கதவுக்கு. அவளுடைய படுக்கையறைக் கதவுக்கு.

"அது என் ரூம்ங்க…"

அவர் திரும்பவில்லை. உள்ளே போனார். கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

டக்.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. தொடை நாற்காலியோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சரி, விழித்துக்கொள்ளலாம். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். வடிவமைப்புத் தம்பி சொல்லிக்கொடுத்திருந்த வழி அது.

விழித்துவிட்டாள். தன் படுக்கை. தன் தலையணை. ஜன்னல் துணி. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பக்கத்தில் கடிகாரம். 9.58. பழக்கத்தில் தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தாள்.

9.85.

அறை அணைந்தது. விளக்கை அணைத்த மாதிரி.

இருட்டு.

கூடம் இல்லை. நாற்காலி இல்லை. படுத்திருந்தாள், மல்லாந்து. கண் மூடியிருந்தது. திறக்க வரவில்லை. அமுக்குவான்தான் என்று முதலில் நினைத்தாள். பழகினதுதானே, பயப்படாமல் இருந்தால் போய்விடும். காத்திருந்தாள்.

போகவில்லை.

மூச்சு அவளைக் கேட்காமலே உள்ளே வந்தது. அவளைக் கேட்காமலே வெளியே போனது. அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. இழுத்துப் பார்த்தாள். இழுபடவில்லை. கழுத்தில் ஏதோ குழாய்.

புஸ்ஸ்… டக்.

புஸ்ஸ்… டக்.

சக்கரம் உருளும் சத்தம். தண்ணீர்க் கிண்ணத்தை வைக்கும் சத்தம். யாரோ ஒரு ஆண், சாவகாசமான குரலில்: "மணி பத்தரை. சவரம் முடிச்சிட்டுத் திருப்பிப் படுக்க வெச்சிடலாம்."

அவள் கன்னத்தில் நுரை பட்டது. ஜில்லென்று.

பிறகு கத்தி.

சரக்… சரக்…

கன்னத்திலிருந்து தாடைக்கு. தாடையிலிருந்து கழுத்துக்கு. முடி அறுபடுவது தெரிந்தது. சொரசொரவென்று, நான்கு நாள் தாடி. அவள் கன்னத்தில்! இடது தாடைக்குக் கீழே சுரீர் என்றது. "ச்ச" என்றது குரல். பஞ்சை வைத்து அழுத்தியது.

அவள் கத்தினாள். எங்கும் எந்தச் சத்தமும் வரவில்லை.

அவர்கள் போனார்கள். நேரம் போனது. எவ்வளவு என்று தெரியவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். ஒரு பெண் குரல். களைத்த குரல்.

"ஏங்க… இன்னிக்கு லேட்டாயிடுச்சு. கோவிச்சுக்காதீங்க. பேப்பர் படிக்கட்டுமா?"

தாள் விரிக்கும் சத்தம்.

"புதிய பாலத் திறப்பு… விழ ஏற்பாடு தீவிரம்." நின்றது குரல். "விழா இல்ல, விழன்னு போட்டிருக்கான் பாருங்க. பாலம் விழறதுக்கு ஏற்பாடாம்."

ஒரு கால் விட்டுப்போயிருந்தது.

முந்தின இரவு ஐந்தாம் பக்கம். கடைசி நேரத்தில் வந்த தலைப்பு. அவசர அவசரமாக அவள்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பிழை அவளுக்கு அப்போது கண்ணில் படவில்லை. இப்போது, இந்த இருட்டில், யாரோ ஒரு பெண்ணின் வாயால் கேட்கிறாள்.

இது கனவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண் தாளை மடித்தாள். பிறகு அவள் கையை, அதாவது அந்த உடம்பின் கையை, எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமாச்சுங்க. மிஷினை நிறுத்தக் கையெழுத்துக் கேக்கறாங்க. மூணு தடவை தள்ளிப் போட்டுட்டேன். இன்னிக்கு முடிவு சொல்லணுமாம். ஒரே ஒரு விரலை அசைச்சுக் காட்டுங்க. நான் போட மாட்டேன். சத்தியமா போட மாட்டேன்."

அவள் அசைத்தாள். உயிரையெல்லாம் திரட்டி அசைத்தாள்.

விரல் அங்கே இருந்தது. அவளுக்கு அது எட்டவில்லை.

கதவு திறந்தது.

காலடிச் சத்தம். டப்… டப்… டப்… தளர்ந்த ரப்பர் செருப்பு. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் கணவர் வீட்டில் போட்டுக்கொண்டு நடப்பது. அவர் வந்துவிட்டார்! எப்படியோ கண்டுபிடித்து வந்துவிட்டார்!

"உள்ள வரலாமா?"

கணவரின் குரல் இல்லை.

அவளுடைய குரல்.

அவளுடைய சொந்தக் குரல்… வாசலிலிருந்து.

"யாருங்க நீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"அது வேண்டாம். சொல்றதை மட்டும் கேளு. அன்னிக்குக் காலையில நான் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போகல. கோவத்துல வேணும்னேதான் மேசைமேல விட்டுட்டுப் போனேன். நீ எடுத்துக் குடுக்க மறந்துட்டதா நினைச்சு அழாத. பசி மயக்கத்துல ஏணியிலேருந்து விழல. கால் வழுக்கிச்சு. உன் தப்பு எதுவுமே இல்ல."

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"இதெல்லாம்… உங்களுக்கு… யாரு…"

"கையெழுத்தைப் போட்டுடு. அங்க நான் இல்ல."

நான் இருக்கேன்!

உள்ளே, இருட்டுக்குள், அவள் அலறினாள். நான் இருக்கேன்! போடாதீங்க! இங்க நான் இருக்கேன்!

புஸ்ஸ்… டக்.

அந்தப் பெண் விம்மி அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு, மிக மெதுவாக, "சரி" என்றாள்.

ரப்பர் செருப்பு கட்டில் பக்கம் வந்தது. குனிந்தது. காதோரம் சூடான மூச்சு. அவளுடைய மூச்சு. அவளுடைய தலை எண்ணெய் வாசனை.

"திரும்பி வரணும்னுதான் நினைச்சேன்" என்று கிசுகிசுத்தது. "முடியலம்மா. மன்னிச்சிடுங்க."

நிமிர்ந்தது.

"வா பாப்பா, போகலாம்."

பாப்பா?

அப்போது கேட்டது அந்தச் சின்னக் குரல். வாசலிலிருந்து. சிணுங்கலாக.

"ஏன்மா இன்னிக்குப் பூரா பாப்பாங்கறே? குட்டின்னு கூப்பிடு."

மகள். இங்கே இருக்கிறாள். யாரோ ஒருவன் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறான். அவளும் அம்மா என்று நம்பிப் போகிறாள்.

டப்… டப்…

குட்டி!

டப்… டப்…

குட்டி… குட்டி…

விரல்.

எங்கே…

ஒரு விரல்…

எட்டியது.

ணங்ங்ங்…

கட்டிலோரம் இருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"கை அசையுது! யாராவது வாங்க! இவர் கை அசையுது!"

வெளிச்சம்.

கண் கூசியது. நின்றுகொண்டிருந்தாள். நீளமான தாழ்வாரம். மருந்து நெடி. இரண்டு பெண்கள் அவளைத் தாண்டி அறைக்குள் ஓடினார்கள். அவள் இடது கைக்குள் ஒரு சின்னக் கை, வியர்த்து.

எதிர்ச் சுவரில் கடிகாரம். 1.04. தலையைத் திருப்பினாள். மறுபடி பார்த்தாள். 1.04. மூன்றாவது முறை பார்த்தபோது, முள் நகர்ந்தது. 1.05.

குனிந்து காலைப் பார்த்தாள். கணவரின் செருப்பு. அவள் காலுக்கு இரண்டு மடங்கு பெரியது.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. திரும்பி நடந்து அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கட்டிலில் அவர்தான். கூடத்து முதல் நாற்காலிக்காரர். கண் மூடி, கழுத்தில் குழாயோடு. இப்போதுதான் மழித்த முகம். இடது தாடைக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. கட்டிலடியில் நாளிதழ் கிடந்தது. ஐந்தாம் பக்கம் மேலே.

விழ ஏற்பாடு.

அந்தப் பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க யாரும்மா? அந்த டப்பா விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லியே!"

"எனக்குத் தெரியாதுங்க. நான் சொல்லல. நிஜமாவே நான் சொல்லல."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடவும் இல்லை. தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

பேருந்தில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"ரூமை விட்டு வந்ததும் நீ கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டே இருந்தேம்மா. ரொம்ப நேரம். சிரிச்சே. அப்புறம் அழுதே."

"அப்புறம்?"

"என்னைப் பாத்து, நீ யாரு பாப்பான்னு கேட்டே. விளையாடறேன்னு நெனச்சேன்."

"வேற என்ன குட்டி?"

"பஸ்ல பர்ஸ் கையிலயே இருந்துச்சு. ஆனா பின்னாடி பாக்கெட்டைத் தேடற மாதிரி இடுப்பைத் தடவிக்கிட்டே இருந்தே. எல்லாரும் பாத்தாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அவள் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.

கணவரிடம் அன்று இரவே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "வேலை அதிகமாயிடுச்சு உனக்கு" என்றார். பிறகு எழுந்துபோய், வாசலில் கிடந்த தன் ரப்பர் செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை மறுபடி அவர் போடவில்லை. அலுவலகத்தில் பகல் வேலைக்கு மாற்றித் தரும்படி எழுதிக்கொடுத்தாள். விட்டுப்போன காலுக்காக ஆசிரியர் கூப்பிட்டு விசாரித்தபோது, பதில் சொல்லாமல் நின்றாள். ஒற்றக்கா வாதாடாமல் நின்றதை அலுவலகம் அன்றுதான் பார்த்தது.

ஒன்று மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. தன்னால்தான் அந்த விரல் அசைந்தது. அதைப் பார்த்து அந்த அம்மாள் கையெழுத்துப் போடாமல் விட்டிருப்பாள். அந்த மனிதர் இன்னும் எத்தனை வருடம் அப்படியே கிடப்பாரோ. போக வேண்டியவரைப் போகவிடாமல் செய்துவிட்டேனோ?

ஒன்பதாவது நாள் தொலைபேசி வந்தது. காலை 10.15.

"நான்தாம்மா பேசறேன். ஆஸ்பத்திரியில பாத்தோமே."

"சொல்லுங்கக்கா. அவர்… எப்படி இருக்கார்?"

"இல்லம்மா. போயிட்டார்."

"கையெழுத்து…"

"போட வேண்டியே வரல. அன்னிக்குச் சாயங்காலமே டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிட்டார்."

"கை அசைஞ்சுதேக்கா! விரல் அசைஞ்சுதே!"

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். உயிர் போன உடம்புலகூட நரம்பு ஒண்ணு ரெண்டு தடவை இழுக்குமாம். அதுக்கு அர்த்தம் கிடையாதாம்."

"உயிர் போன உடம்பா? அக்கா, நான் வந்தப்போ அவருக்கு மூச்சு இருந்துச்சே."

"மிஷின் விட்ட மூச்சும்மா அது. அன்னிக்குக் காலையில தலையில வயரெல்லாம் ஒட்டி, மூளை எப்படி ஓடுதுன்னு கோடு போட்டுப் பாத்துட்டு இருந்திருக்காங்க. ரெண்டு வருஷமா லேசா ஓடிக்கிட்டிருந்த கோடு, பாதியில படுத்துடுச்சாம். வயர்தான் கழண்டுடுச்சுன்னு நினைச்சு விட்டுட்டாங்க. மதியம் மறுபடி வெச்சுப் பாத்திருக்காங்க. நேர்க்கோடுதான். நான் பேப்பர் படிச்சதாவது அவர் காதுல விழுந்திருக்குமான்னு கேட்டேம்மா. கேக்கறதுக்கு அப்போ உள்ள ஆளே இல்லன்னுட்டார்."

"அக்கா… அந்தக் கோடு நின்னது எத்தனை மணிக்கு?"

"தாள்லயே இருக்கும்மா. 9.41."

அவள் தொலைபேசியை வைத்தாள். எண்கள் மனதில் தாமாகவே கழிந்தன. 9.41-லிருந்து 1.04 வரை. மூன்று மணி நேரம், இருபத்து மூன்று நிமிடம்.

அவ்வளவு நேரமும் அவள் படுத்திருந்தது ஒரு பிணத்துக்குள்.